கண்ணாடி ஜெபதாஸும் மீன்தொட்டிக் கற்களும்

குழித்துறைச் சந்தை ரோட்டில் கண்ணாடி ஜெபதாஸைத் தெரியாது என்று ஒருவர் சொன்னால், அவர் ஊருக்குப் புதியவராக இருக்க வேண்டும், அல்லது அவர் வீட்டில் இதுவரை ஒரு ஜன்னல்கூட உடைந்திருக்கக் கூடாது. ஐம்பத்திரண்டு வயது, ஒல்லி உடம்பு, இடக்கைப் பழக்கம், விரல் நுனியெல்லாம் பழைய கீறல். கண்ணாடியை அளவெடுத்து வெட்டித் தருகிறவர்கள் மாவட்டத்தில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். உடைந்த கண்ணாடியைப் பார்த்து, அது எப்படி உடைந்தது என்று சொல்லக்கூடியவர் இவர் ஒருவர்தான். இது அவரே சொல்லிக்கொள்வது. ஆனாலும் பொய்யில்லை.

ஒரு தடவை பக்கத்து ஊர்த் திருச்சபை ஒன்றில் கமிட்டிக் கூட்டம் நடந்த மறுநாள், அந்த அறையின் பெரிய ஜன்னல் உடைந்து கிடந்தது. எதிர் அணிக்காரர்கள் வெளியில் நின்று கல்லெறிந்ததாகச் செயலாளர் போலீசுக்கே கிளம்பிவிட்டார். புதுக் கண்ணாடிக்கு அளவெடுக்கப் போன ஜெபதாஸ், சட்டத்தில் மீந்து நின்ற ஒரு சில்லைப் பிடுங்கி வெயிலில் சாய்த்துப் பார்த்தார். கண்ணாடி உடையும்போது அதன் தடிப்பில் மெல்லிய வரிகள் விழும். அடிபட்ட இடத்தில் நெருக்கமாகத் தொடங்கி, விலக விலக அகன்றுகொண்டே போகும். குளத்தில் கல் விழுந்தால் அலை போகிறதே, அந்த மாதிரி. யார் நிற்கிறார்கள், யார் கேட்கிறார்கள் என்று பாராமல், "இது உள்ள இருந்து விழுந்த அடியாக்கும். நாற்காலி எறிஞ்சா இப்பிடி வரும்" என்று சொல்லிவிட்டார். அறையில் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. போலீசுக்குப் போகிற பேச்சு அதோடு நின்றது. அந்தச் சபையின் கண்ணாடி வேலையும் அதோடு நின்றது. வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி பூங்கனி, கண்ணாடி ஓரத்துக்குப் பூசுகிற பட்டிப் பசையில் கொஞ்சம் எடுத்து உங்கள் வாய்க்கும் பூசிக்கொள்ளக் கூடாதா என்று கேட்டாள்.

ஜெபதாஸுக்கு ஒரே ஒரு குறை உண்டு. தச்சர் செய்த கதவை ஊர் தடவிப் பார்க்கிறது. கொத்தனாருக்குப் புதுவீட்டில் பால்காய்ச்சும் நாளில் வேட்டி கிடைக்கிறது. கல்யாணப் படத்துக்குச் சட்டம் அடித்துக் கண்ணாடி பதித்துக் கொடுப்பவர் ஜெபதாஸ். படத்தின் மூலையில் பெயர் போட்டுக்கொள்பவர் ஸ்டூடியோக்காரர். நல்ல கண்ணாடி கண்ணுக்கே தெரியாது, தெரிந்தால் அது நல்ல கண்ணாடி இல்லை. கடைப் பலகையில்கூட அப்பா வைத்த 'எபனேசர் கிளாஸ்' என்ற பெயர்தான். முப்பது வருஷம் உழைத்தும் தன் பெயர் எழுதிய பொருள் ஒன்றுகூட இந்த உலகத்தில் இல்லையே என்று அவருக்கு உள்ளுக்குள் ஒரு முள் தைத்துக்கொண்டே இருந்தது.

அந்த நேரத்தில்தான் கல் அவரைப் பிடித்தது. ஊரடங்கு நாளில் கடை அடைத்துக் கிடந்தபோது ஃபோனில் ஒரு காணொலி பார்த்தார். ஆதி மனிதன் கல்லை அடித்து உடைத்துக் கத்தியும் கோடரியும் செய்துகொண்டான், அவை இன்றைக்கும் நம் காலடியில் கிடக்கலாம் என்று அதில் ஒருவர் சொன்னார். ஜெபதாஸுக்கு உடனே மைத்துனர் ரசலையனின் தென்னந்தோப்பு ஞாபகம் வந்தது. அது கடலோரத்தில், காற்று குவித்த செம்மணல் மேட்டில் இருக்கிறது. தேரி என்பார்கள். ஒவ்வொரு மழைக்கும் அந்த மணல் கரைந்து உள்ளே கிடக்கிற கல்லெல்லாம் வெளியே தலைநீட்டும். ஊரடங்கு தளர்ந்ததும் அடுத்த ஞாயிறே ஆராதனை முடிந்த கையோடு பூங்கனியை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அன்றிலிருந்து மூன்று வருஷம் ஞாயிறு தவறாமல் அதுதான் வேலை. கோடரி மாதிரி இருந்தால் ஒரு கல், ஈட்டி முனை மாதிரி இருந்தால் ஒரு கல், கைக்கு அடக்கமாக இருந்தால் அதுவும் ஒரு கல். தேரியில் கிடைக்காத நாளில் ஊரை ஒட்டி ஓடும் தாமிரபரணிக் கரையில் இறங்கிப் பொறுக்குவார். கடை மாடியில் படுக்க இடமில்லாமல் கல் நிறைந்தது. ரசலையன் ஊரெல்லாம் சிரித்தார், மச்சான் சீதனமாகத் தோப்பைக் கேட்டிருந்தால் கொடுத்திருப்போம், கல்லாகவா அள்ளிக்கொண்டு போவார் என்று.

பூங்கனியும் பொறுக்கினாள், ஆனால் அது கடை விஷயமாக. கண்ணாடியை சிலிக்கான் வைத்து ஒட்டி மீன்தொட்டி செய்வது அவள் பிரிவு. இருபது வருஷமாகக் கடையில் நிற்கிறாள். தொட்டி ஒட்டுவாள், சட்டம் அடிப்பாள், அவர் இல்லாத நேரத்தில் கண்ணாடியும் வெட்டுவாள். தொட்டிக்கு அடியில் பரப்ப அவளுக்குச் சின்னச் சின்னக் கல் வேண்டியிருந்தது. பால் வெள்ளை, தேன் நிறம், ஈரல் நிறம் என்று விரல்நகம் அளவுக்குத் தேடி எடுத்து முந்தானையில் முடிந்துகொள்வாள். தான் உலக சரித்திரத்தைத் தூக்கிச் சுமக்கும்போது இவள் மீனுக்கு நகை பொறுக்குகிறாளே என்று ஜெபதாஸ் கேலி செய்வார்.

போன ஆவணியில் துணிந்துவிட்டார். தன் கற்களில் ஆகச் சிறந்த நாற்பதைப் பொறுக்கி ஒரு சிமெண்ட் சாக்கில் கட்டி, நாகர்கோவில் பஸ்ஸில் ஏற்றினார். சாக்கில் என்ன என்று கண்டக்டர் கேட்டதற்குக் கல் என்று உண்மையைச் சொன்னார். நாகர்கோவிலில் கல் கிடைக்காது என்று எவன் சொன்னான் என்று கண்டக்டர் கேட்க, பஸ்ஸே சிரித்தது. ஜெபதாஸ் கவலைப்படவில்லை. அவர் போய்க்கொண்டிருந்தது அங்குள்ள ஒரு கல்லூரிக்கு. அங்கே வரலாற்றுத் துறையில் சுனிதா என்ற ஆசிரியை பழைய கல்லாயுதங்களை ஆராய்கிறார் என்று விசாரித்து வைத்திருந்தார்.

சுனிதா டீச்சருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். அவர் அறைக்கு வெளியே ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்குள் ஒரு கல், கல்லுக்குக் கீழே ஒரு சின்ன அட்டை. 'கண்டெடுத்தவர்: சுயம்பு, விவசாயி' என்று அதில் அச்சடித்திருந்தது. ஜெபதாஸ் அதற்கு முன்னால் போய் நின்றவர் நின்றவர்தான். எந்த ஊர் சுயம்புவோ, உழும்போது காலில் தட்டியதை எடுத்துக் கொடுத்திருப்பார். அவருக்கு ஒரு அட்டை. அந்த நிமிஷம் அவருக்குத் தன் ஆசை என்னவென்று எழுத்துக்கூட்டிப் படித்த மாதிரி விளங்கியது. 'கண்டெடுத்தவர்: ஜெபதாஸ்'. அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

டீச்சர் அரை மணிநேரம் பொறுமையாக ஒவ்வொரு கல்லாகப் பார்த்தார். மேசையில் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று பிரித்து வைக்கப்போவதாகச் சொன்னார். இடப்பக்கம் நிரம்பிக்கொண்டே போனது. வலப்பக்கம் மேசை மேசையாகவே இருந்தது. நாற்பதாவது கல்லும் இடப்பக்கம் போன பிறகு ஜெபதாஸ் வலப்பக்கத்தைப் பார்த்தார், பிறகு டீச்சரைப் பார்த்தார்.

"அண்ணே, தப்பா நினைக்கப்பிடாது. இதுல ஒண்ணுகூட மனுசன் செஞ்சது இல்ல" என்றார் சுனிதா.

டீச்சர் இரக்கத்தோடு ஒவ்வொன்றாகக் காட்டினார். இது ஆற்றில் உருண்டது. பாருங்கள், கண்ட இடத்தில் கண்ட பக்கமாகச் சிதைந்திருக்கிறது, தண்ணீருக்கு நோக்கம் கிடையாது. இது வெயிலில் வெடித்தது. இந்தக் கோடரியா, இது ஜேசிபி பல்லு பட்டது. உருவத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது, மேகத்தில்கூட யானை தெரியும். உடைந்த விதத்தைப் பார்க்க வேண்டும். மனிதன் அடித்தால் விளிம்பில் ஒரு புள்ளியில்தான் அடிப்பான். அடி விழுந்த இடத்துக்குக் கீழே கல் லேசாகப் புடைத்திருக்கும். அந்தப் புடைப்பிலிருந்து வரி வரியாக அலை விரிந்துகொண்டு போகும். அதுவும் ஒரு அடியோடு விடமாட்டான். ஒரே பக்கமிருந்து, ஒன்றை அடுத்து ஒன்றாக, வரிசையாகத் தட்டி எடுத்திருப்பான்.

"நில்லுங்க டீச்சர்" என்றார் ஜெபதாஸ். "அடிபட்ட இடத்துல நெருக்கமாட்டு, போகப்போக அகலமாட்டு, அந்த வரியா?"

"அதேதான். நல்ல கல்லு கண்ணாடி மாதிரிதான் உடையும்."

முப்பது வருஷமாக அவர் வேறு என்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்? ஜெபதாஸுக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணாடியில் கண் மூடினாலும் தெரிகிற சங்கதி, கல் என்றதும் கண் திறந்தும் தெரியாமல் போயிற்றே. காணொலியில் காட்டிய உருவத்தை மனதில் வைத்துக்கொண்டு மூன்று வருஷம் ஜாடை பார்த்துப் பொறுக்கியிருக்கிறார், ஒரு கல்லில்கூட உடைப்பைப் பார்க்கவில்லை. சாக்கை அங்கேயே போட்டுவிட்டு, கிளம்பத் தயாராக நின்ற பஸ்ஸில் தொற்றி ஏறினார்.

கடைக்குள் நுழைந்ததும் அவர் முதலில் மாடிக்கு ஓடினார். இருந்த கல்லையெல்லாம் ஒரு மணிநேரம் புரட்டினார். அலையும் இல்லை, புடைப்பும் இல்லை. எல்லாம் ஆறும் வெயிலும் லாரியும் செய்த வேலை. களைத்துப்போய் இறங்கி வந்து முகம் கழுவினார். கல்லாவுக்குப் பக்கத்தில் கடை மீன்தொட்டி இருந்தது. சாயங்கால வெயில் ரோட்டிலிருந்து சாய்ந்து நேராகத் தொட்டிக்குள் விழுந்தது. அடியில் ஒரு ஈரல் நிறக் கல், அதன் மேல் ஒரு கப்பி மீன். மீன் விலகியது. கல்லின் முகத்தில் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு, வில் வில்லாக, அகன்று அகன்று, வரி போயிருந்தது.

ஜெபதாஸ் சட்டைக் கையைக்கூட மடக்கவில்லை. அப்படியே முழங்கை வரை தொட்டிக்குள் விட்டார். தண்ணீர் கல்லாப்பெட்டி மேலெல்லாம் கொட்டியது. சிலிக்கான் துப்பாக்கியோடு உள்ளிருந்து வந்த பூங்கனி, மனுஷனுக்கு என்னவோ ஆகிவிட்டது என்றே நினைத்தாள்.

"ஏட்டி பூங்கனி, மீனை வாளியில மாத்து. வேகம் மாத்து" என்றார்.

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவன் கதைதான். மாடியில் ஆயிரம் கல்லைச் சேர்த்து வைத்துவிட்டு, கல்லாவுக்கு அடுத்து ஒரு முழத்தில் இருந்ததை மூன்று வருஷம் அவர் உற்றுப் பார்க்கவில்லை. இருவரும் துண்டை விரித்துத் தொட்டிக் கற்களைப் பரப்பினார்கள். அறுபத்தெட்டு இருந்தன. ஜெபதாஸ் படச்சட்ட வேலைக்கு வைத்திருந்த லென்ஸை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இஞ்ச பாரு, இது அடி விழுந்த இடம். இஞ்ச பாரு புடைப்பு. இது ஒரே பக்கத்துல இருந்து நாலு தட்டு" என்று சொல்லிக்கொண்டே போனார். கண்ணில் தண்ணீர் வந்ததை அவர் மறைக்கவும் இல்லை.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது, அது அவர்களாகவே இழுத்துவிட்டுக்கொண்டது. தொட்டிக்குள் போடுகிற கல்லுக்குக் கூர் விளிம்பு இருந்தால் மீனின் செதில் கிழியும், தொட்டி கழுவுகிறவர் கை அறுபடும். கண்ணாடித் துண்டின் விளிம்பைக் கொறடு என்கிற இடுக்கியால் கொறித்து மழுக்குவது இவர்கள் தொழில் பழக்கம். அதே பழக்கத்தில் ஜெபதாஸ் எத்தனையோ கல்லின் விளிம்பையும் கொறித்துத்தான் பூங்கனியிடம் கொடுத்திருந்தார். ஆதி மனிதன் கத்திக்கு விளிம்பு எடுத்ததும் அச்சாக அதே மாதிரி, சின்னச் சின்னப் பல்லாகத்தான் இருக்கும் என்று டீச்சர் சொல்லியிருந்தாரே. லென்ஸை வைத்துத் தேடித் தேடித் தன் கொறடு பட்டதையெல்லாம் ஈவிரக்கமில்லாமல் ஒதுக்கினார். ஐம்பதுக்குக் கொஞ்சம் குறைவாகக் கல் மிஞ்சியது. அதிலும் சந்தேகம் உள்ளதைக் கழித்தார். முப்பத்தொன்று நின்றன.

சுனிதா டீச்சருக்கு ஃபோன் போட்டார். டீச்சர் முதலில் நம்பவில்லை. மீன்தொட்டி என்றதும் இன்னும் நம்பவில்லை. இருந்தாலும் சனிக்கிழமை பதினொரு மணிக்குக் கடைக்கே வருவதாகச் சொன்னார்.

பூங்கனி செய்து விற்ற இன்னொரு தொட்டியிலும் அதே கல்தான் போட்டிருந்தது. அதை வாங்கியவர் பகவதியப்பன். சொந்த ஊர் குழித்துறை, வேலை ஆரல்வாய்மொழிக் காற்றாலையில், குடியிருப்பும் அங்கேதான். ஃபோனில் கேட்டபோது பிடிகொடுக்கவே இல்லை. அந்தத் தொட்டியில் அவர் வளர்ப்பது நெற்றி புடைத்த ஃபிளவர்ஹார்ன் மீன், பெயர் ராஜா. ராஜா வந்த பிறகுதான் வீட்டில் ஐஸ்வரியம் என்பது அவர் நம்பிக்கை. நேரில் கேட்டால் இல்லை என்று சொல்ல மனிதருக்கு மனம் வராது என்று கணக்குப் போட்டு, சனிக்கிழமை விடியற்காலை ஐந்து மணி பஸ்ஸில் ஜெபதாஸ் கிளம்பினார்.

ஏழரைக்கு அங்கே தொட்டி முன்னால் நின்றார். காரணத்தைக் கேட்ட பகவதியப்பன் வெகுநேரம் ராஜாவையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், கல்லை எடுப்பதானால் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் ராஜாவை வலையில் பிடிக்கக்கூடாது, அவன் பயப்படக்கூடாது என்று நிபந்தனை வைத்தார். "அவன் கடிப்பான், பாத்துக்க மக்கா" என்றும் சேர்த்துக்கொண்டார்.

ராஜா கடித்தான். சுண்டுவிரலில் ஒன்று, உள்ளங்கையில் இரண்டு. ஜெபதாஸ் பல்லைக் கடித்துக்கொண்டு, அசையாத கட்டையாகக் கையை விட்டு, ஒரு மூச்சுக்கு ஒரு கல்லாக நாற்பத்து மூன்று கல்லை எடுத்தார். எல்லாம் பாசி படிந்து பச்சையாக இருந்தன. கழுவ நேரமில்லை. டிஃபன் பாத்திரத்தில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். ஆஸ்பத்திரிக்கு எதையோ எடுத்துப் போகிறார் போலிருக்கிறது என்று பக்கத்திலிருந்த அம்மாள் இடம் விட்டு உட்கார்ந்தார்.

கடை வாசலில் அவர் இறங்கவும் சுனிதா டீச்சர் ஆட்டோவிலிருந்து இறங்கவும் சரியாக இருந்தது.

பூங்கனி கண்ணாடி வெட்டும் மேசையைத் துடைத்து வெள்ளைத் துணி விரித்து, முப்பத்தொரு கல்லையும் வரிசையாக வைத்திருந்தாள். ஜெபதாஸ் அதற்குப் பக்கத்தில் டிஃபன் பாத்திரத்தைக் கவிழ்த்தார். டீச்சர் உட்காரும்போதே, ஈரத்தோடு மின்னிய தேன் நிறக் கல் ஒன்று அவர் கண்ணில் பட்டது. எடுத்தார். அரை இஞ்சு நீளம், பிறை மாதிரி வளைவு, வளைந்த விளிம்பில் எறும்பு கடித்த மாதிரி நெருக்கமான பல். டீச்சரின் முகம் மாறியது. நுண்கருவி, அம்பில் பதிப்பது, மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும், ஆனால் இவ்வளவு சுத்தமான விளிம்பைப் பார்ப்பது அபூர்வம் என்றார். பையைத் திறந்து ஒரு பதிவேட்டை எடுத்து மேசையில் வைத்தார். கண்டெடுத்தவர் என்று அதில் ஒரு கட்டம் இருந்தது.

"இது யாரு எடுத்தது?"

ஜெபதாஸுக்கு அந்தக் கல்லைத் தெரியும். தொட்டிக் கல்லில் அவர் எடுத்தது என்றால் அது ஒன்றுதான். தேரியின் தெற்குச் சரிவில் காலடியில் கிடந்தது. சின்னதாக இருக்கிறதே என்று தன் சாக்கில் போடாமல், நிறம் நன்றாக இருக்கிறது என்று பூங்கனியிடம் வீசினார். பழம் நழுவிப் பாலில் விழுந்துவிட்டது. தானே எடுத்ததாகச் சொன்னார், பூங்கனியும் ஆமாம் என்றாள். டீச்சர் பேனாவைத் திறந்தார்.

பெயர் எழுதுவதற்குள் ஒரு தடவை தன் கல்லை நன்றாகப் பார்த்துவிட வேண்டும் என்று ஜெபதாஸுக்கு ஆசை. வாங்கி, பாசியை வேட்டி முனையால் துடைத்து, லென்ஸை வைத்தார்.

கல்லின் முதுகு மங்கி, துளை துளையாகச் செம்மண் ஏறி இருந்தது. விளிம்பில் இருந்த பற்களில் செம்மண் இல்லை. உள்ளே பளிச்சென்று, நேற்று உடைந்த பாட்டில் மாதிரி இருந்தது. ஒவ்வொரு பல்லும் ஒரே அகலம். அவருடைய கொறட்டு மூக்கின் அகலம். எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன, இடக்கைக்காரன் கொறித்தால் சாய்கிற பக்கம்.

பூங்கனி அவர் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு அது போதும், லென்ஸ் தேவைப்படவில்லை. டீச்சர் ஒன்றும் அறியாமல் தேதியை எழுதிக்கொண்டிருந்தார். அடுத்த கட்டம் பெயர். சொல்லாமல் விட்டால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது; வரவில்லை என்று சொன்னால் அது பொய். ஒரு அட்டைதானே கேட்டேன், ஒரு சின்ன அட்டை. இந்தக் கல்லைச் சொன்னால் மற்றக் கல்லையும் யார் நம்புவார்கள்? லென்ஸை மேசையில் வைத்தார்.

"டீச்சர், எழுதாதீங்க. இது எனக்க கொறடாக்கும். ஆதி மனுசன் இல்ல."

சுனிதா கல்லை வாங்கி, தன் லென்ஸில் வெகுநேரம் பார்த்தார். பிறகு ஜெபதாஸைப் பார்த்தார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். அவர் செம்மண்ணையும் பளபளப்பையும் இடக்கையையும் சொன்னார், தலையைக் குனிந்துகொண்டு. டீச்சர் பேனாவை மூடிவிட்டார். வெளியே மீன்காரர் ஒருவர் கூவிக்கொண்டு போனார். ஜெபதாஸுக்கு அந்த மேசையைக் கவிழ்த்துவிட்டு எங்காவது போய்விடலாம் போலிருந்தது.

மனம் ஆறாதபோது பூங்கனிக்குக் கை சும்மா இருக்காது. ஆரல்வாய்மொழிக் கற்களை ஒரு சட்டியில் போட்டுக் கழுவத் தொடங்கினாள். கழுவியதை ஒவ்வொன்றாகத் துணியில் வைத்தாள். அப்புறம், உடைந்த முகம்பார்க்கும் கண்ணாடி கடைக்கு வந்தால் சில்லுகளைச் சேர்த்துப் பார்ப்பாளே, அந்தப் பழக்கத்தில், இப்போது கழுவிய ஒரு மெல்லிய ஈரல் நிறச் சில்லை எடுத்து மேசையில் இருந்த ஈரல் நிறக் கல் ஒவ்வொன்றின் மேலும் வைத்துப் பார்த்தாள். ஒன்றில் பொருந்தவில்லை. இன்னொன்றில் பொருந்தவில்லை. மூன்றாவது, கடைத் தொட்டியில் அன்றைக்கு வெயிலில் தெரிந்த அதே கல். அதில் சில்லு போய் உட்கார்ந்தது.

"இது இதுல இருந்து உடஞ்சதாக்கும்" என்றாள், சாதாரணமாக.

சுனிதா எழுந்துவிட்டார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது, அதை யாரும் எடுக்கவில்லை. ஜெபதாஸ் லென்ஸைப் பிடுங்காத குறையாக எடுத்தார். கல்லில் குழிந்த அலைக்குச் சில்லில் மேடான அலை, வரிக்கு வரி, பிசகில்லை. இரண்டிலும் உடைந்த முகத்தில் ஒரே மாதிரி செம்மண் ஏறியிருந்தது. கொறடு படவில்லை, ஜேசிபி படவில்லை. கல்லின் விளிம்பில் ஒரு புள்ளி, அந்தப் புள்ளியில் ஒரு அடி. அந்த மணல்மேட்டில் உட்கார்ந்து யாரோ ஒருவர் இந்தக் கல்லை ஒரு கையில் பிடித்து, மறு கையால் அடித்துச் சில்லைப் பெயர்த்திருக்கிறார். சில்லு விழுந்த சத்தம்கூட ஜெபதாஸுக்குக் கேட்கிற மாதிரி இருந்தது. அவர் சிரித்தார், பிறகு அழுதார், பிறகு இரண்டையும் சேர்த்துச் செய்தார்.

டீச்சருக்குப் பேசப் பேச மூச்சு வாங்கியது. இந்த வகைக் கல் அந்த மணலில் தானாக விளையாது, வெளியிலிருந்து கொண்டுவந்துதான் உடைத்திருக்க வேண்டும். உடைத்த கல்லும் உடைந்த சில்லும் ஒரே இடத்தில் கிடைத்தால் அங்கேயே வேலை நடந்திருக்கிறது என்று அர்த்தம். தேரியை முறையாக அளந்து பார்க்கத் தொல்லியல் துறைக்கு எழுதிப் போடவேண்டும். மற்ற கற்களையும் பார்த்தார். முப்பத்தொன்றில் இருபத்திரண்டு நிற்கும் என்றார். கொறடு பட்டதையெல்லாம் இவரே கழித்துவிட்டதால் தன் வேலை பாதி முடிந்துவிட்டது என்றார். பூங்கனியிடம் திரும்பி, தேரியில் எத்தனையோ கல் கிடக்கும்போது இதையெல்லாம் மட்டும் எப்படி எடுத்தீர்கள் அக்கா என்று கேட்டார்.

பூங்கனிக்குக் கூச்சமாக இருந்தது. "மத்த கல்லெல்லாம் நொறுங்கிக் கெடக்கும். இது நம்ம கடையில வெட்டுன துண்டு மாதிரி, சுத்தமாட்டு உடஞ்சிருந்து. அதான் எடுத்தேன்" என்றாள்.

ஜெபதாஸ் அவளையே பார்த்தார். மூன்று வருஷம் தான் ஜாடையைப் பார்த்துக்கொண்டிருக்க, இவள் உடைப்பைப் பார்த்திருக்கிறாள். யாரும் சொல்லித் தரவில்லை, அவளும் யாரிடமும் சொல்லவில்லை.

டீச்சர் பதிவேட்டில் புதுப் பக்கம் புரட்டி, பேனாவைத் திறந்து, கண்டெடுத்தவர் கட்டத்துக்கு வந்தார். "ஜெபதாஸ்னு போட்டுரட்டா? தோப்புக்குக் கூட்டிட்டுப் போனது நீங்கதானே" என்று கேட்டார். தப்பே இல்லை. யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள், பூங்கனியும்தான்.

"பூங்கனின்னு எழுதுங்க" என்றார் ஜெபதாஸ். கடை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார். சொன்ன பிறகுதான், தன் நெஞ்சில் வலி எதுவும் இல்லை, குதூகலம்தான் இருக்கிறது என்பது அவருக்கே ஆச்சரியமாகத் தெரிந்தது.

டீச்சர் எழுதினார். அடுத்த கட்டம் தொழில். அவர் நிமிர்ந்து பூங்கனியைப் பார்த்தார். பூங்கனி சிலிக்கான் ஒட்டிய விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டு, வீட்டுவேலை என்று போட்டுக்கொள்ளச் சொன்னாள்.

ஜெபதாஸ் மேசையில் கையை ஊன்றிக் குனிந்தார். ராஜா கடித்த இடத்தில் இன்னும் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

"அப்பிடி இல்ல டீச்சர். கண்ணாடி வெட்டுதவ. அப்பிடி எழுதுங்க."